ஆர்என்ஏ கூடினால் மரபணு தாவியதாக ஆகாது

"பாக்டீரியா தாக்கியதும் டிரவுட் மீனின் தாவும் மரபணுக்கள் இடம் மாறி, புது நோய் எதிர்ப்பை உண்டாக்கி, குஞ்சுகளுக்கும் கடத்துகின்றன" என்று சொல்லப்படும் கருத்தில் பாதிகூடத் தேறாது.

வானவில் டிரவுட்டில் உண்மையில் பார்த்தது இது: பாக்டீரியாவின் ஆன்டிஜென் (உடலின் எதிர்ப்பைத் தூண்டும் பொருள்) பட்டபோது, டிசி1 என்ற வகை டிரான்ஸ்போசான்களின், அதாவது தாவும் மரபணுக்களின், ஆர்என்ஏ (டிஎன்ஏவிலிருந்து படியெடுக்கப்படும் நகல்) கூடியது. அவ்வளவுதான். தாவ வேண்டுமானால் டிரான்ஸ்போசேஸ் என்ற நொதி வேண்டும். டிரவுட்டும் சேர்ந்த சால்மன் குடும்பத்தில் அந்த நொதிக்கான மரபணுவின் பிரதிகள் திடீர் மாற்றங்களால் சிதைந்து, செயலிழந்து கிடக்கின்றன. 1997இல் அவற்றின் பிழைகளை ஒவ்வொன்றாகத் திருத்தித்தான் 'ஸ்லீப்பிங் பியூட்டி' என்ற, மறுபடி வேலை செய்யும் டிரான்ஸ்போசானையே ஆய்வகத்தில் உருவாக்க முடிந்தது.

அப்புறம் ஆர்என்ஏ ஏன் கூடுகிறது? இந்தத் துண்டுகள் பல, சாதாரண மரபணுக்களின் உள்ளேயோ ஓரத்திலோ உட்கார்ந்திருக்கின்றன. தொற்று வந்து அந்த மரபணு வேலை செய்யத் தொடங்கினால், பக்கத்தில் இருப்பதும் சேர்ந்தே படியெடுக்கப்படலாம். பேருந்தில் தொற்றிக்கொண்டு போகிறவர் ஓட்டுநர் ஆகிவிடமாட்டார்.

மீனில் எதுவுமே தாவாது என்று நான் சொல்லவில்லை. மெடாக்கா என்ற சிறு மீனின் டோல்2 என்ற டிரான்ஸ்போசான் நன்றாகவே தாவும். ஆனால் குஞ்சுக்குப் போக, அந்தத் தாவல் முட்டையிலோ விந்தணுவிலோ அவற்றை உருவாக்கும் செல்களிலோ நடந்திருக்க வேண்டும். செவுளிலோ மண்ணீரலிலோ நடந்தால் அந்த மீனோடு சரி.

எதிர்ப்பைச் சுமந்துகொண்டு தாவும் டிரான்ஸ்போசான்களும் உண்டுதான். ஆனால் அவை இருப்பது ஏரோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்களில். கொடுப்பது ஆன்டிபயாட்டிக்குக்கு எதிர்ப்பு. அது மீனுக்குக் கெட்ட செய்தி.