ஜார்ஜ்டவுன் பாலம்: ஒரு திருத்தம்

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்திலுள்ள ஜார்ஜ்டவுன் லூப் ரயில் பாதையைப் பற்றிய ஒரு கட்டுரை, அங்குள்ள டெவில்ஸ் கேட் உயர்பாலம் 1884ஆம் ஆண்டிலிருந்து அப்படியே நிற்பதாகக் கூறுகிறது, அது சரியன்று. அந்தப் பாலம் 1939இல் பிரிக்கப்பட்டுப் பழைய இரும்பாகப் போய்விட்டது. இன்று நாம் காண்பது, கொலராடோ வரலாற்றுச் சங்கத்தின் முயற்சியால் 1984இல் மீண்டும் எழுப்பப்பட்ட பாலம்.

ஜார்ஜ்டவுனுக்கும் சில்வர் ப்ளூமுக்கும் இடையே சுமார் 2 மைல்தான் என்றாலும் ஏற்றமோ 640 அடி. நேராகப் பாதை போட்டிருந்தால் நூறு அடிக்கு ஆறடி ஏற வேண்டியிருக்கும், சுமையிழுக்கும் நீராவி எஞ்சினுக்கு அது பெரும்பாடு. அதனால்தான் 3 அடி அகலப் பாதையை ஏறத்தாழ நான்கரை மைலுக்குச் சுற்றி வளைத்து, கிளியர் க்ரீக் ஓடைக்கு மேலே, தான் வந்த தடத்தையே தாண்டிப் போகும்படி பாலத்தை அமைத்தார்கள். வளைந்த அந்தப் பாலத்தில் ரயில் ஊர்ந்து செல்லும்போது குனிந்து பார்ப்பவருக்கு, ஏறத்தாழ 95 அடி ஆழத்தில் ஓடையும், அதை ஒட்டிய தடமும் தெரியும்.

அழிந்ததை அதே இடத்தில் மீட்டுக் கட்டியவர்களின் உழைப்பு மறைந்துவிடக் கூடாது என்பதால், 1939, 1984 ஆகிய இரு ஆண்டுகளையும் கட்டுரையில் சேர்க்குமாறு ஆசிரியரைக் கேட்டுக்கொள்கிறேன்.