நிறம் மாறாவிட்டால் அமிலம் என்று சொல்லிவிட முடியுமா?

அமில, காரச் சோதனை பற்றிய உங்கள் கட்டுரையில் 'பினாப்தலீன் விட்டு நிறம் வரவில்லை என்றால் அது அமிலம்' என்று போட்டிருக்கிறீர்கள், அது தவறு. பினாப்தலீன் என்ற நிறங்காட்டி (அமிலமா காரமா என்று நிறத்தால் காட்டும் பொருள்) நடுநிலைத் திரவத்திலும் நிறமற்றுத்தான் இருக்கும். பி.எச். (அமில, கார அளவு; 7 என்றால் நடுநிலை, அதற்கு மேல் காரம்) 8.2 தாண்டினால்தான் இளஞ்சிவப்பே எட்டிப் பார்க்கும், ஆக நிறம் வராததை வைத்து 'காரமாகத் தெரியவில்லை' என்பதற்கு மேல் ஒன்றும் சொல்ல முடியாது. மெத்தில் ஆரஞ்சு என்ற இன்னொரு நிறங்காட்டியும் இதே கதைதான்: பி.எச். 4.4-க்கு மேலே எல்லாமே மஞ்சள், அதனால் வெறும் தண்ணீரும் காரமும் அதற்கு ஒன்றுதான்.

லிட்மஸ் என்றால் நீலம், சிவப்பு இரண்டு தாளையும் நனைத்துப் பார்க்க வேண்டும், இரண்டுமே மாறவில்லை என்றால்தான் ஏறக்குறைய நடுநிலை. ஒரே தாளை வைத்து முடிவு சொல்வது பாதி விடைதான்.

சரி, கையில் பினாப்தலீன் மட்டும்தான் இருக்கிறது, பெயர் ஒட்டாத மூன்று குழாய்களில் நீர்த்த அமிலம், நீர்த்த காரம், தண்ணீர் என்றால்? அப்போதும் வழி இருக்கிறது. மூன்றிலும் ஒரு சொட்டு விடுங்கள், இளஞ்சிவப்பானது காரம். அந்த இளஞ்சிவப்புத் திரவத்தையே கொஞ்சம் எடுத்து மற்ற இரண்டிலும் ஊற்றுங்கள். நிறம் சட்டென்று காணாமல் போனால் அது அமிலம், வெளிறியாவது நின்றால் தண்ணீர். நிறம் காட்டாத இரண்டையும் காரமே பிரித்துக் கொடுத்துவிடுகிறது!

அப்புறம், குளோரின் கலந்த வெளுப்பான்களை லிட்மஸ் வைத்துச் சோதிக்கச் சொல்லாதீர்கள், அது தாளின் சாயத்தையே வெளுத்துவிடும்.