தைக்காம இல்லக்கா!

"தைக்காம இல்லக்கா."

தைத்தாயிற்றா, இல்லையா? ஒரு வார்த்தை சொல்ல என்ன கேடு? நாளைக்குக் காலை ஆறரைக்கு முகூர்த்தம். ஜாக்கெட் துணி கொடுத்துப் பதினெட்டு நாள் ஆகிறது.

முதலில் தையல்காரரிடம் நான் கேட்டது, "தம்பி, இன்னும் தைக்கலையா?"

"ஆமாக்கா."

எதற்கு ஆமாம்? தைக்கவில்லை என்பதற்கா, தைத்துவிட்டேன் என்பதற்கா? திருப்பிக் கேட்டதற்குத்தான் அந்த "தைக்காம இல்ல". சரி, ராத்திரிக்குள் கிடைக்குமா என்றேன். "கிடைக்காதுன்னு சொல்லலையே." எட்டு மணிக்கு வரட்டுமா? "வர வேணாம்னு இல்ல..." வரச் சொல்கிறானா, வேண்டாம் என்கிறானா!

பள்ளிக்கூடத்தில் 'பொருள் மாறாமல் எதிர்மறையாக மாற்றுக' என்று எத்தனை வாக்கியம் எழுதியிருப்போம். இரண்டு எதிர்மறை சேர்ந்தால் உடன்பாடு. 'வராமல் இல்லை' என்றால் வந்தான். அந்தக் கணக்குப்படி என் ஜாக்கெட் மடித்துப் பையில் இருக்க வேண்டும். மேசைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். அரக்குத் துணியில் இரண்டு கை மட்டும் வெட்டிக் கிடந்தது. சாக்பீஸ் கோடுகூட அழியவில்லை. லைனிங் துணி கொடுத்த மடிப்பிலேயே இருந்தது.

நன்னூலில் பவணந்தி முனிவர் விடையை எட்டு வகையாகப் பிரித்திருக்கிறார். 'செய்வாயா' என்று கேட்டால் 'கை வலிக்கிறது' என்பதும் விடைதான், உற்றது உரைத்தல். 'கை வலிக்கும்' என்றால் உறுவது கூறல். சுற்றி வளைத்துச் சொன்னாலும் செய்வானா மாட்டானா என்று கேட்டவனுக்குப் புரிந்துவிடும். கை வலிக்குதுக்கா என்று போன வாரம் சொல்லியிருந்தால் வேறு கடைக்குப் போயிருப்பேனே!

இந்தத் தம்பி மட்டுமா? காலி செய்த வீட்டின் அட்வான்ஸைக் கேட்டால் ஓனரும் "தர மாட்டேன்னு சொல்லலையேம்மா" என்றுதான் நாலு மாதமாக ஓட்டுகிறார். 'முடியாது' என்பது நல்ல தமிழ்ச் சொல். அதை முகத்துக்கு நேராகச் சொன்னால் ஒரு நிமிடம் கோபம் வரும், அவ்வளவுதான். இந்த 'இல்லாம இல்ல'வை நம்பி நான் நாலு தடவை ஆட்டோவுக்குக் கொடுத்த காசில் இன்னொரு ஜாக்கெட்டே தைத்திருக்கலாம்.

துணியையாவது கொடு என்று வாங்கிக்கொண்டேன். படி இறங்கும்போதுதான் ஞாபகம் வந்தது. "தம்பி, என் அளவு ஜாக்கெட் எங்கே?"

"தொலைஞ்சிடலைக்கா."