மண் குடிக்கும் வேகம்
சென்னையின் புழல் ஏரி நிரம்பும்போது திறந்துவிடும் உபரிநீரை மணலிப் பகுதியிலேயே ஆழ்துளைக் கிணறுகள் வழியாக நிலத்துக்குள் இறக்கிவிடலாம் என்கிறது இங்கே வந்திருக்கும் கட்டுரை. எனக்குச் சந்தேகம். மதகைத் திறந்தால் வினாடிக்கு ஆயிரக்கணக்கான கனஅடி வரும். மண் அந்த வேகத்தில் குடிக்காது. வண்டல் கலங்கிய வெள்ளத்தை வடிகட்டாமல் விட்டால் குழாயும் அடைத்துக்கொள்ளும். 2003-இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது எங்கள் குடியிருப்பில் தோண்டிய குழி அப்படித்தான் போயிற்று. இப்போது அதன்மேல் ஸ்கூட்டர் நிற்கிறது. மணலியில் தொழிற்சாலைக் கழிவு வேறு. பூண்டி ஏரியின் உபரிநீர் கொசஸ்தலையாற்றில் எண்ணூருக்குப் போகும் வழியில், மீஞ்சூர்ப் பக்கத்து மணற்படுகையே இதற்குத் தோதான இடம். நகரத்துக்கும் பயிருக்குமாக அங்கே பல ஆண்டுகள் நிலத்தடி நீரை உறிஞ்சியதில் கடல்நீர் பல கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டது. மீஞ்சூரில் என் அத்தை வீட்டுக் கிணற்று நீரில் சோப்பு நுரைக்காது. ஆகவே முதல் சில ஆண்டுகளுக்கு இறக்கும் நீரைக் கோடையில் திரும்ப எடுக்கக் கூடாது. அது உப்பைப் பின்னுக்குத் தள்ளட்டும். ‘எல்லாம் வீணாகக் கடலில் கலக்கிறது’ என்று கட்டுரையின் கீழ் எனக்கு முன் கருத்து எழுதிய நண்பருக்கு: எண்ணூர்க் கழிமுகத்தின் இறாலும் நண்டும் அந்த நன்னீரையும் நம்பித்தான் இருக்கின்றன, முழுவதையும் மறித்துவிடாதீர்கள்.