பத்தாயிரம் ஆண்டுப் பெருமையும் எலி கடித்த விதையும்

பெரியப்பா நேற்று வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தார். பழைய வெண்கல மணி, சுற்றிலும் தமிழ் எழுத்து. கீழே ஒரு வாசகம்: "பசிபிக் தீவுகளில் முதலில் குடியேறியவன் தமிழன். பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே! தமிழனாக இருந்தால் பகிரவும்." நான் பகிரவில்லை.

மணி உண்மையானதுதான். நியூசிலாந்தில் 1836 வாக்கில் வில்லியம் கொலன்சோ என்ற கிறிஸ்தவ ஊழியர் அதை மாவோரி மக்களிடம் பார்த்தார். அவர்கள் அதைக் கவிழ்த்து வைத்து உருளைக்கிழங்கு அவித்துக்கொண்டிருந்தார்கள். இப்போது வெலிங்டனில் தெ பாப்பா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. முகையதீன் வக்குசு என்பவருடைய கப்பலின் மணி என்று எழுத்துச் சொல்கிறது. அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பது அருமையான புதிர். ஆனால் பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன்னால் எந்த முகையதீன் கப்பல் விட்டார்?

எனக்கு எரிச்சல் மணியின் மேல் இல்லை. "பத்தாயிரம்" என்ற அந்தச் சொல்லின் மேல். எதையும் பழசாக்கினால்தான் பெருமை என்று ஒரு நோய் நம்மைப் பிடித்திருக்கிறது. அது எவ்வளவு தவறு என்பதைக் காட்ட பசிபிக் தீவுகளைவிட நல்ல உதாரணம் கிடையாது. அங்கே குடியேற்றத்தின் வயது குறையக் குறைய, அந்த மக்களின் சாதனை பெரிதாகிக்கொண்டே போனது.

ஒரு காலத்தில் ஹவாயில் மனிதர்கள் கால் வைத்தது கி.பி. 300, 400 வாக்கில் என்று பாடநூல்களில் எழுதினார்கள். ராப்பா நூயி என்ற ஈஸ்டர் தீவுக்கும் ஏறக்குறைய அதே காலம். சான்று என்ன? அடுப்புக் கரி. சிக்கலும் அந்தக் கரியில்தான். முந்நூறு ஆண்டு நின்ற மரத்தின் வைரம் பாய்ந்த நடுக்கட்டையை ஒருவன் இன்று எரித்தால், கரிமக் காலக்கணிப்பு காட்டுவது அந்தக் கட்டை உருவான காலத்தை. அவன் சோறு பொங்கிய நாளை அல்ல. கரையில் ஒதுங்கிய மரத்தை எரித்திருந்தாலும் இதே கதைதான்.

2011-இல் ஜேனட் வில்ம்ஷர்ஸ்ட் என்ற ஆய்வாளரின் குழுவினர் கிழக்குப் பாலினீசியாவிலிருந்து (தாஹிட்டி முதல் ஹவாய், ராப்பா நூயி, நியூசிலாந்து வரை விரிந்த தீவுகள்) கிடைத்த 1,434 காலக்கணிப்புகளை எடுத்துச் சல்லடையில் போட்டார்கள். விதை, சுள்ளி போன்ற குறுகிய ஆயுள் கொண்ட பொருள்களில் எடுத்தவற்றையே நம்பினார்கள். கணக்கு தலைகீழானது. தாஹிட்டி இருக்கும் சொசைட்டி தீவுகளில் குடியேற்றம் 1025-க்கும் 1120-க்கும் இடையில். மற்றத் தீவுகள் எல்லாம் 1190 முதல் 1290 வரை, ஒரே மூச்சில்.

தஞ்சைப் பெரிய கோயில் எழுந்து சில பத்தாண்டுகள் கழிந்த நேரத்தில் தாஹிட்டிப் பக்கம் படகுகள் வந்து சேர்கின்றன. 1279-இல் சோழர் ஆட்சி முடியும்போது ஹவாய், ராப்பா நூயி, நியூசிலாந்து என்ற மூன்று மூலைகளையும் தொட்டுவிட்டார்கள், அல்லது தொடும் தறுவாயில் இருந்தார்கள். தாஹிட்டியிலிருந்து ஹவாய்க்கு மட்டுமே நாலாயிரம் கிலோமீட்டருக்கு மேல். ஆயிரம் ஆண்டு ஆற அமரப் பரவினார்கள் என்பது பெருமையா, நூறே ஆண்டில் முடித்தார்கள் என்பது பெருமையா? நீங்களே சொல்லுங்கள்.

இந்தக் கணக்கும் கல்வெட்டல்ல. குக் தீவுகளில் ஒன்றான அட்டியுவின் ஏரிச் சேற்றில் மனித மலம், பன்றி மலம் ஆகியவற்றின் வேதித் தடயம் கி.பி. 900 வாக்கிலேயே இருப்பதாக 2020-இல் காட்டினார்கள். நூறு இருநூறு ஆண்டு முன்னே பின்னே நகரும், நகரட்டும். சேற்றைத் தோண்டி மலத்தைத் தேடி நகர்த்துகிறார்கள் அல்லவா, அதுதான் எனக்குப் பிடித்தது.

பழமைதான் வேண்டும் என்றால் மேற்கே போக வேண்டும். வனுவாட்டு நாட்டின் எஃபாட்டே தீவில் தெயூமா என்ற இடம். இறால் பண்ணை ஒன்றுக்காக மண் வெட்டியபோது கோலம் போட்ட பானை ஓடு ஒன்று கிடைத்தது. பல் பல்லாக வெட்டிய அச்சை ஈரக் களிமண்ணில் அழுத்திப் போட்ட கோலம். அது பாலினீசியர்களின் மூதாதையரான லாப்பிட்டா மக்களின் கையெழுத்து. 2004 முதல் தோண்டியதில் சுமார் 3,000 ஆண்டுப் பழைய இடுகாடு வெளிப்பட்டது. புதைந்திருந்த பெரியவர்கள் யாருக்கும் தலை இல்லை. உடல் மட்கிய பிறகு குழியைத் திறந்து தலையை எடுத்திருக்கிறார்கள். ஒருவரின் மார்பின் மேல் மட்டும் மூன்று மண்டையோடுகள், மூன்றும் வேறு ஆட்களுடையவை. வளர்ந்த ஊரின் மண்ணுக்கு ஏற்பப் பல்லில் சேரும் ஸ்ட்ரோன்சியம் என்ற தனிமத்தைச் சோதித்தால், சிலர் வேறு எங்கோ பிறந்து வளர்ந்து வந்தவர்கள். மரபணுவைப் பார்த்தால், மூதாதையரின் வேர் தைவான், பிலிப்பைன்ஸ் பக்கம். அந்த இடுகாட்டின் படத்தை நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். யாருமே மிதிக்காத தீவில் இறங்கி, முதல் வேலைகளில் ஒன்றாக இறந்தவர்களுக்கு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள்.

இந்தச் சான்றுகள் கிடைப்பதற்கு முன், பாலினீசியர்கள் தெரியாத்தனமாக அடித்துச் செல்லப்பட்டுத் தீவு தீவாக ஒதுங்கியவர்கள் என்று 1956-இல் ஆண்ட்ரூ ஷார்ப் என்பவர் எழுதினார். 1973-இல் கணினியில் காற்றையும் நீரோட்டத்தையும் ஓட்டிப் பார்த்தார்கள். வெறுமனே மிதந்து ஹவாய்க்கோ நியூசிலாந்துக்கோ போய்ச் சேரவே முடியவில்லை. 1976-இல் மைக்ரோனீசியாவின் சதவால் தீவுக்காரர் மாவ் பியாய்லுக் திசைகாட்டிகூட இல்லாமல், பழைய பாணியில் கட்டிய ஹோக்குலேஆ என்ற இரட்டை உடல் படகை ஹவாயிலிருந்து தாஹிட்டிக்கு ஒரு மாதத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார். விண்மீனும் அலையும்தான் வழி. அங்கே காற்று பெரும்பாலும் கிழக்கிலிருந்து வீசும். எதிர்காற்றில் கிழக்கே போவது பைத்தியக்காரத்தனம் என்று நமக்குத் தோன்றும். யோசித்தால் அதுவே புத்திசாலித்தனம்: தீவு தென்படவில்லையென்றால் அதே காற்று வீட்டில் கொண்டுவந்து விட்டுவிடும்.

(அந்த இரட்டை உடல் படகை ஆங்கிலத்தில் கேட்டமரான் என்கிறார்கள். சொல் நம் கட்டுமரம்தான். சொல் போன இடமெல்லாம் ஆளும் போனதாக அர்த்தமில்லை. நம் கட்டுமரத்துக்கு இரண்டு உடலும் கிடையாது.)

எனக்கு மிகவும் பிடித்த சான்று எலி. படகோடு வந்த பசிபிக் எலி. நியூசிலாந்தில் அதன் எலும்பை வைத்து, இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஆள் வந்ததாக ஒரு கணிப்பு இருந்தது. வில்ம்ஷர்ஸ்ட் குழு எலி கொறித்த விதைகளைச் சேற்றிலிருந்து பொறுக்கியது. ஓட்டில் பல் தடம் பளிச்சென்று தெரியும். கொறித்த விதை எதுவும் 1280 வாக்குக்கு முந்தியதில்லை. எலி நீந்தி வரவில்லை. எலி வந்த அன்று ஆளும் வந்தாயிற்று.

இதையெல்லாம் சுருக்கிப் பெரியப்பாவுக்கு அனுப்பினேன். பெருவிரல் படம் ஒன்று வந்தது. அரை மணி நேரம் கழித்து ஒரு கேள்வி: "சரி தம்பி, அந்த எலி எந்த ஊர் எலி?" நல்ல கேள்வி, ஆய்வாளர்களே கேட்டது. தென்கிழக்கு ஆசிய எலி. அவர் மனம் நோகாமல் இதை எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.