அந்தக் கிரீன் கறியில் இறால் இருக்கிறது

தாய்லாந்து உணவகத்தில் சமையல் வேலை பார்க்கிறேன். ரொம்ப நாளாக உறுத்திக்கொண்டிருக்கும் ஒன்றை இன்றைக்கு எழுதிவிடுகிறேன்.

"கிரீன் கறி, சிக்கன் வேண்டாம், காய்கறி மட்டும்" என்று ஆர்டர் சீட்டு வரும். கேட்டவர் சைவமாக இருக்கலாம் என்று அதிலேயே தெரியும். ஆனால் அந்த பேஸ்ட்டைக் காலையில் இடித்தவன் நான். பச்சை மிளகாய், எலுமிச்சைப்புல், பேரரத்தை, காஃபிர் லைம் தோல், கொத்தமல்லி வேர், பூண்டு, சின்ன வெங்காயம் எல்லாம் கல் உரலில் நார் தெரியாமல் மசிந்த பிறகு, கடைசியாக 'கபி' சேரும். உப்புப் போட்டுப் புளிக்கவைத்த இறால் விழுது. ஒரு கரண்டிதான். தேங்காய்ப்பால் கொதித்து எண்ணெய் பிரியும்போது பேஸ்ட்டைப் போட்டால் முதலில் வாடை மூக்கைக் குத்தும். கொஞ்ச நேரத்தில் அடங்கி மணமாக மாறிவிடும். கிண்ணத்தில் ஊற்றும்போது இறால் இருந்த தடமே இருக்காது.

முதலில் வேலை பார்த்த இடத்தில், "கண்ணுக்குத் தெரியவா போகுது, அனுப்பு" என்றார்கள். அனுப்பினேன். சாப்பிட்ட அம்மா சமையலறை வாசல் வரை வந்து, ரொம்ப நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டுப் போனார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

கிரீன் கறியோடு இது முடியவில்லை. பாட் தாய் என்ற வறுத்த நூடுல்ஸில் மீன் சாஸ், சோம் தாம் என்ற பப்பாளிக்காய் சாலட்டில் காய்ந்த இறால், டோம் யாம் என்ற புளிப்புக் காரச் சூப்பில் போடும் மிளகாய் விழுதிலும் பெரும்பாலும் இறால். வேர்க்கடலை ஒவ்வாமை உள்ளவருக்கு, வேர்க்கடலை போட்ட பாட் தாய் புரட்டிய சட்டியைக் கழுவாமல் சமைத்தால் உயிருக்கே ஆபத்து.

"இதையெல்லாம் பார்த்தால் தாய் சமையலே செய்ய முடியாது" என்பார்கள். தாய்லாந்துக்காரர்களே செய்கிறார்களே! அங்கே 'ஜே' என்று ஒரு உணவு முறை உண்டு. மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்து இருந்தால் அந்தக் கடையில் இறைச்சி, மீன் சாஸ், கபி எதுவும் கிடையாது. பூண்டு, வெங்காயம்கூடக் கிடையாது. புக்கெட்டில் வருடா வருடம் 9 நாள் இதற்கென்றே திருவிழா நடக்கிறது. உப்புச் சுவைக்கு சோயா சாஸும் புளிக்கவைத்த சோயா பயறும் போடுகிறார்கள்.

இப்போது நானும் சோயா பயறு போட்ட பேஸ்ட்டைத் தனி டப்பாவில் வைத்திருக்கிறேன். தனிக் கரண்டி, தனிச் சட்டி. கூடுதலாக அரை மணி நேர வேலை, அவ்வளவுதான். கபி போட்ட ருசி அப்படியே வராது. அதையும் கேட்பவரிடம் சொல்லிவிடுகிறேன். டப்பா தீர்ந்துபோன அன்றைக்கு, இன்றைக்குச் சைவக் கறி இல்லை என்று சொல்லச் சொல்கிறேன்.

சாப்பிடப் போகிறவர்களுக்கு ஒன்று. "சைவமா?" என்று மட்டும் கேட்காதீர்கள். மீன் சாஸ், இறால் விழுது, சிப்பியில் செய்யும் ஆய்ஸ்டர் சாஸ் மூன்றையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். பரிமாறுகிறவர் தடுமாறினால், உள்ளே போய்க் கேட்டுவரச் சொல்லுங்கள். உரலில் இடித்த ஆள் அங்கேதான் நிற்பார்.