போகப் போகப் பார்த்துக்கொள்ளலாம்

நேற்று இரவு அலுவலகத்துத் தங்கை ஒருத்தி அழைத்தாள். "அக்கா, டேட்டிங் செயலியில் அறிமுகமான ஒருவனோடு மூன்று வாரமாகப் பழகுகிறேன். நாலு முறை சந்தித்தாயிற்று. இது என்ன, எதுவரைக்கும் என்று இப்போது கேட்கலாமா? கேட்டால் ஓடிவிடுவானோ என்று பயமாக இருக்கிறது."

கேள் என்றேன். இந்த வாரமே கேள். ஓடுகிற ஆள் மூன்றாம் வாரத்தில் ஓடினால் உனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் பாழ்.

அறிவுரை சொல்லும் தகுதி எனக்குப் பட்டுத்தான் வந்தது. சில ஆண்டுகளுக்கு முன் நானும் ஒருவனோடு ஏழு மாதம் பழகினேன். திருவான்மியூர் கடற்கரை, சுண்டல், வாரம் ஒரு படம். 'போகப் போகப் பார்த்துக்கொள்ளலாம்' என்று அவன் ஒருநாளும் சொல்லவில்லை. நான்தான் தினமும் எனக்கே சொல்லிக்கொண்டேன். கேட்டால் பதில் வந்துவிடுமே என்ற பயம்.

ஒருநாள் அடையாற்றில் ஓர் ஓட்டலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவனுடைய சித்தப்பா வந்துவிட்டார். சட்டென்று எழுந்து நின்றான். "என்னோடு வேலை பார்க்கிறவர்" என்று என்னைக் காட்டினான். நாங்கள் ஒரே நிறுவனத்தில் ஒருநாள்கூட வேலை பார்த்ததில்லை. சித்தப்பா மரியாதையானவர்தான். "எந்த ஊரும்மா?" என்றார். சொன்னேன். "அங்கே எந்தத் தெரு?" என்றார். அந்தக் கேள்வி எதற்கென்று தெரியாத தமிழர் இருக்க முடியாது. அவன் குனிந்து ரவா தோசையைப் பிய்த்துக்கொண்டிருந்தான், தின்னவில்லை.

அன்றிரவு எங்கள் வாட்ஸ்அப் உரையாடலில் 'கல்யாணம்' என்ற சொல்லைத் தேடினேன். ஏழு மாதத்தில் நான்கே இடங்கள். நான்கும் யார் யாரோ வீட்டுக் கல்யாணம். அவன் என்னிடம் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. எரிச்சலே அதுதான். பொய் சொல்லியிருந்தால் திட்டவாவது முடிந்திருக்கும்.

குறுந்தொகையில் கபிலர் பாட்டு ஒன்று உண்டு. தலைவன் தன்னைக் கூடிய நாளில் சாட்சி என்று யாருமே இல்லை, ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்து நின்ற ஒரு குருகுதான், அதாவது ஒரு நீர்ப்பறவைதான், இருந்தது என்கிறாள் தலைவி. 'தான் அது பொய்ப்பின் யான் எவன் செய்கோ', அவன் சொன்ன சொல் தவறினால் நான் என்ன செய்வேன் என்று புலம்புகிறாள். பொய்ப்பதற்காவது அவளிடம் ஒரு வாக்கு இருந்தது. என்னிடம் அதுவும் இல்லை. காதலை இவ்வளவு கொண்டாடிய அகத்திணை மரபே களவை, அதாவது கல்யாணத்துக்கு முந்தைய மறைவான காதலை, அப்படியே நீளவிட்டுவிடவில்லை. 'எப்போது மணந்துகொள்வாய்' என்று தலைவனை நெருக்குவதற்காகவே தோழி இருந்தாள். அதற்கு 'வரைவு கடாதல்' என்று பெயரே உண்டு. இறையனார் களவியல் என்ற பழைய அக இலக்கண நூல் இன்னும் கறார்: களவு இரண்டு திங்களுக்குள் முடிந்துவிட வேண்டும். நான் ஏழு திங்கள் போனவள்.

சட்டம் உதவாதா என்று கேட்பவர்களுக்கு: 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 69ஆம் பிரிவு, நிறைவேற்றும் எண்ணமே இல்லாமல் திருமண வாக்குறுதி தந்து ஒரு பெண்ணோடு உடலுறவு கொள்பவனுக்குப் பத்து ஆண்டுவரை சிறை என்கிறது. 'பார்க்கலாம்' என்பது வாக்குறுதி இல்லை. மௌனம் அதைவிடவும் இல்லை.

சும்மா பழகுவதைக் குறை சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இரண்டு பேருக்கும் அதுதான் வேண்டுமென்றால் மூன்றாவது ஆளுக்கு அங்கே என்ன வேலை? முதல் சந்திப்பிலேயே கேட்கச் சொல்லவும் இல்லை. அது காபி கடையில் பெண் பார்க்கும் படலமாகிவிடும், பஜ்ஜி மட்டும்தான் பாக்கி. என் கணக்கு இது: 'இல்லை' என்று பதில் வந்தாலும், தட்டில் இருப்பதைச் சாப்பிட்டு முடித்துவிட்டு பஸ் ஏறி வீட்டுக்குப் போக முடிகிற நிலையில் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும். சிலருக்கு அது மூன்றாம் சந்திப்பு, சிலருக்கு ஆறாவது. உடல் நெருங்குவதற்கு முன்னால் என்பது மட்டும் எல்லோருக்கும் பொது. அதற்குப் பிறகு கேட்கும் குரலே கெஞ்சலாகிவிடுகிறது.

ஆனால் யார் முதலில் பேச வேண்டும் என்பதில்தான் எனக்குக் கோபம். எப்போதும் அதிகம் எதிர்பார்க்கிறவரே கேட்டு அசடு வழிய வேண்டியிருக்கிறது. குறைவாக எதிர்பார்க்கிறவருக்குத்தான் அந்தக் கடமை. அவருக்கு முன்பே தெரியும். வீட்டில் ஜாதகத்தை எடுத்துவிட்டார்கள் என்று தெரியும். திருமணத் தகவல் தளத்தில் அம்மா தன் படத்தை ஏற்றியிருக்கிறார் என்று தெரியும். இந்தப் பெண்ணின் ஊரையும் தெருவையும் வைத்து, இது தன் வீட்டு வாசலைத் தாண்டாது என்று முதல் வாரத்திலேயே தெரியும். தெரிந்துகொண்டே அடுத்த வாரத்துக்கு டிக்கெட் எடுப்பதை என்னவென்று சொல்வது? "எனக்கு இவ்வளவுதான் முடியும், உனக்குச் சம்மதமா?" என்று சொல்ல அரை நிமிடம் போதும். பெண்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். இதே வேலையை ஆண்களிடம் செய்துவிட்டு, "நான் எதுவும் சொல்லவில்லையே" என்று கைகழுவிய தோழிகள் எனக்கு உண்டு.

இன்று காலை அந்தத் தங்கையிடமிருந்து செய்தி: "கேட்டுவிட்டேன் அக்கா. சனிக்கிழமை நேரில் பேசலாம் என்கிறான்."

எந்த இடத்தில் என்று கேட்டேன். பெசன்ட் நகர் என்றாள். திரும்பி வர நேரடி பஸ் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லியிருக்கிறேன்.